எண்டிசை ஏரியல்

திருகோணமலை, கொட்பே மீன்பிடித் துறைமுகத்திற் கட்டப்பட்டிருக்கும் பல நாட் படகுகளின் கூரைகளை உற்று நோக்கினால், ஒவ்வொன்றிலும் ஓரிரு வெண்ணிறக் கோல்கள் வானை நோக்கி நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். பார்வைக்கு அவை தூண்டிற் கம்புகளைப் போன்றவை. வலையைப் பற்றியும் எந்திரத்தைப் பற்றியும் மணிக்கணக்கிற் பேசக்கூடிய கடலோடிகள்கூட அந்தக் கோலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும் கரை கண்ணுக்கு மறைந்த பின்னர், படகில் இருப்போரின் குரல் வெளியுலகை அடைவது அந்தக் கோலின் வழியாகத்தான். அதற்கு முன்புறம் பின்புறம் இல்லை. இடம் வலம் இல்லை. எந்தத் திசையையும் தனியே நாடாமல் சுற்றுமுற்றும் ஒரே அளவில் வானலையை வீசுவதும், சுற்றுமுற்றும் இருந்து வருவதை ஒரே அளவில் ஏற்பதும் அதன் இயல்பு. ஆதலால் அதனை எண்டிசை ஏரியல் எனலாம்.

ஏரியல்களில் இரு சாதிகள் உண்டு. வீட்டுக் கூரையில் மீன்முள்ளைப் போல நின்ற பழைய தொலைக்காட்சி ஏரியல் ஒரு சாதி. ஒளிபரப்பு நிலையம் இருக்கும் திசைக்கு அதைத் திருப்பி வைத்தாலன்றிப் படம் தெளியாது. செய்மதியை நோக்கி வைக்கப்படும் கிண்ணமும் அந்தச் சாதியே. யாருடன் பேசவேண்டும், அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திருந்தால், சக்தியை நாலாபுறமும் சிதறவிடாமல் அவர் பக்கம் குவிப்பதே சிக்கனம். படகின் நிலைமை வேறு. அலையில் அது ஓயாமல் திரும்புகிறது. இன்று கரை வலப்புறம், நாளை பின்புறம். ஆபத்து நேர்ந்தால் உதவிக்கு வரக்கூடிய கப்பல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது படகோட்டிக்குத் தெரியாது. தெரியாதவரை அழைப்பதற்கு எல்லாத் திசையிலும் கூவுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் கோல் எவ்வாறு வேலை செய்கிறது? அதன் உட்புறத்தில் இருப்பது செம்புக் கம்பி. வெளியில் தெரிவது அதைக் காக்கும் கண்ணாடியிழைக் குழாய். ஒலிபரப்பி அனுப்பும் மின்னோட்டம் கம்பியில் உள்ள இலத்திரன்களை மேலும் கீழுமாகக் குலுக்குகிறது. துறைமுகங்களில் வழங்கும் அதியுயர் மீடிறனில் இந்தக் குலுக்கல் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 15 கோடியே 68 இலட்சம் தடவை நடைபெறும். கப்பல்கள் எப்போதும் செவிமடுக்கும் 16ஆம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகாஹேட்ஸ் என்று சொல்வது இதைத்தான். இவ்வாறு மின்னேற்றம் குலுங்கும்போது அதைச் சூழ்ந்த மின்புலமும் காந்தப்புலமும் குலுங்கி, அலையாகப் பிரிந்து ஒளியின் வேகத்திற் புறப்படுகின்றன.

அலை எந்தத் திசையில் எவ்வளவு வலுவுடன் செல்லும் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நிலத்தில் நட்ட ஒரு கம்பைச் சுற்றி நடந்து பார்த்தால், எங்கே நின்றாலும் அதன் முழு நீளமும் கண்ணுக்குத் தெரியும். ஏணி வைத்து ஏறி, நேர் மேலே இருந்து பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும். வானலையும் ஏறக்குறைய இவ்வாறே. இலத்திரன்களின் மேல் கீழ் அசைவு எங்கிருந்து முழுமையாகத் ‘தெரிகிறதோ’ அங்கே அலை வலுவாகச் செல்லும். அசைவு தெரியாத உச்சித் திசைக்கு அலை செல்வதே இல்லை. சக்தி பரவும் வடிவத்தை மனத்தில் வரைந்தால் அது பந்து அன்று, உளுந்து வடை. வடையின் துளைக்குள் கம்பி செங்குத்தாக நிற்கிறது. வடையின் தடித்த சதை கடல் மட்டத்தோடு சுற்றிலும் படுத்திருக்கிறது. எண்டிசை என்று சொன்னாலும் அது அடிவானத்தைச் சுற்றிய திசைகளையே குறிக்கும். உச்சியும் பாதாளமும் அதில் அடங்கா.

பந்து வடிவத்திலேயே, மேலும் கீழும் பக்கமும் ஒரே அளவில் வீசும் ஏரியல் ஒன்றைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். ஏட்டுக் கணக்குக்காக அப்படி ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஒரே கோட்டில் அசையும் அலைக்கு அதைச் செய்துகாட்ட முடியாது. கதம்பப் பூவை எடுத்து அதன் இழைகள் எல்லாம் மேற்பரப்போடு படியும்படி தடவிச் சீவிப் பார்த்தால், எங்காவது ஓரிடத்தில் சுழி விழுந்தே தீரும். குழந்தையின் தலையிலும் சுழி இல்லாமல் மயிர் படிவதில்லை. அலையின் மின்புலமும் இவ்வாறே எங்கோ ஓரிடத்திற் சூனியமாக வேண்டும். அந்தச் சூனியத்தை உச்சிக்குத் தள்ளிவிட்டு, தேவையான இடத்தில் நிறைவைப் பெறுவதுதான் செங்குத்துக் கம்பியின் சாமர்த்தியம்.

கோலின் நீளம் தச்சனின் விருப்பம் அன்று. 156.8 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 1.91 மீற்றர். அதில் அரைவாசி, அதாவது 96 சதமமீற்றருக்குச் சற்றுக் குறைந்த கம்பி, அந்த மீடிறனுக்கு இயல்பாகவே இசைந்து அதிரும். வீணைத் தந்தியின் நீளம் சுருதியை நிர்ணயிப்பதைப் போல. ஆனால் தொலைதூரக் கப்பல்களை அழைக்க வழங்கும் 2182 கிலோஹேட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 137 மீற்றர். அதில் அரைவாசிக் கம்பியை எந்தப் படகில் நிறுத்துவது? இங்கே கடலே கைகொடுக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். அதன்மேல் கால் அலைநீளக் கம்பியை நிறுத்தினால், கண்ணாடியிற் பிம்பம் தோன்றுவதுபோல, கீழே இன்னொரு கால் இருப்பதாகவே அலை நடந்துகொள்ளும். கால் அலைநீளமும் 34 மீற்றர் வருவதால், அதையும் குறுக்கி, இசைவுப் பெட்டி ஒன்றினால் ஈடுசெய்கிறார்கள். மரத்தாலோ கண்ணாடியிழையாலோ செய்த படகுகளின் அடிப்புறத்தில் செப்புத் தகடு பதிப்பது இதற்காகவே. அத்தகடு கழன்றுபோனால் கம்பிக்குப் பாதி உடல் போய்விட்டது என்று பொருள்.

அதியுயர் மீடிறன் அலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. பூமியோ உருண்டை. எனவே தூரத்தை நிர்ணயிப்பது ஒலிபரப்பியின் வலுவைவிட ஏரியலின் உயரமே. மீற்றரில் உயரத்தைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆற் பெருக்கினால், அலை எட்டும் அடிவானம் கிலோமீற்றரில் வரும். கடல் மட்டத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில் ஏரியல் வைத்த படகுக்கு அடிவானம் 8 கிலோமீற்றர் சொச்சம். அதேபோன்ற இரு படகுகள் ஒன்றோடொன்று 16 கிலோமீற்றர் வரை பேசலாம். கரையில் 100 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஏரியலுக்கு 41 கிலோமீற்றர். படகின் 8ஐயும் சேர்த்தால் 49. படகுக் கருவியின் 25 வாற்று வலுவை 50 ஆக்கினாலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. கம்பியை உயர்த்தினால் மாறும்.

திருகோணமலையின் நிலவமைப்பு இக்கணக்கை அழகாக விளக்குவது. உட்துறைமுகம் குன்றுகளாற் சூழப்பட்டது. அதனாலேயே பெருங்காற்றிலும் கப்பல்கள் அங்கே அமைதியாக நிற்கின்றன. ஆனால் காற்றை மறைக்கும் குன்று வானலையையும் மறைக்கும். சீனக்குடாவின் ஒதுக்கில் நிற்கும் படகு, குன்றுக்கு அப்பால் திறந்த கடலில் நிற்கும் படகை நேரே அழைத்தால் குரல் தேய்ந்து போகலாம். குன்றின் உச்சியில் நிற்கும் ஏரியலோ உள்ளே துறைமுகத்தையும், தெற்கே மூதூர் வரை விரியும் கொட்டியாரக் குடாவையும், கிழக்கே பெருங்கடலையும் ஒருங்கே பார்க்கும். இத்தகைய இடத்துக்கு எண்டிசை ஏரியலைவிடப் பொருத்தமானது வேறில்லை.

இனி, கடலோடிகள் கவனிக்கவேண்டிய முக்கியமான செய்தி ஒன்று. கடையில் ஏரியல் வாங்கும்போது 3 டெசிபெல், 6 டெசிபெல், 9 டெசிபெல் என்று பெருக்கத்தைச் சொல்லி விற்பார்கள். எண் கூடக் கூட விலையும் கூடும். எண் பெரிதானால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஏரியல் தன்னிலிருந்து சக்தியைப் படைப்பதில்லை. அரை அலைக் கம்பிகள் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் போகும் சக்தியைப் பிடித்து அடிவானத்தின் பக்கம் அழுத்துகிறது, அவ்வளவே. மா அதே மாதான். வடை அப்பளமாகத் தட்டையாகிறது. 3 டெசிபெல் ஏரியலின் வீச்சு மேலிருந்து கீழாக ஏறக்குறைய 80 பாகை அகலமுடையது. 6 டெசிபெலில் அது 35 பாகையளவிற் சுருங்கும். 9 டெசிபெலில் 10 பாகை அளவே.

கரையில் அசையாமல் நிற்கும் கோபுரத்துக்கு இந்த அப்பளம் பெரும் நன்மை. பாரமான கப்பலுக்கும் ஓரளவு பொருந்தும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் 20 பாகை சாய்ந்து சாய்ந்து எழும் சிறு படகுக்கு அதுவே கேடாகலாம். படகு ஒரு பக்கம் சரியும்போது தட்டையான அந்த வீச்சின் ஒரு விளிம்பு கடல் நீருக்குள்ளும் மறு விளிம்பு மேகத்துக்குள்ளும் போய்விடும். கரையில் கேட்பவருக்குச் சொற்கள் இடையிடையே அறுந்து வரும். ‘படகுக்குள் தண்ணீர்’ என்பது கேட்டு, எந்த இடம் என்பது கேளாமற் போனால், அது பாதிச் செய்தி. பாதிச் செய்தியைக் கொண்டு யாரும் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சிறு படகுக்குக் குறைந்த பெருக்கமுள்ள ஏரியலே தகும். விலை குறைந்த பொருள் மேலானதாக இருப்பது அபூர்வம். இது அத்தகைய அபூர்வங்களில் ஒன்று.

நல்ல ஏரியலையும் கெடுத்துவிடச் சில சிறிய காரியங்கள் போதும். இரும்புக் கம்பத்தோடு ஒட்டி அதைக் கட்டிவிட்டால், கம்பம் ஒரு புறத்தில் அலையை மறைத்து மறுபுறம் தள்ளும். எண்டிசை ஏரியல் தன்னையறியாமல் ஒருதிசை ஏரியலாகிவிடும். பாலத்தின் கீழோ பிற படகுகளின் கயிறுகளுக்கு இடையிலோ செல்லும்போது மடக்கிப் படுக்கவைத்த கோலை மீண்டும் நிமிர்த்த மறந்தால், வடையின் துளை படகின் முன்னும் பின்னும் திரும்பிவிடும். எல்லாவற்றிலும் கொடியது உப்பு நீர். இணைப்பு வழியாக வடத்துக்குள் நீர் கசிந்து செம்பிற் களிம்பு பிடித்தால், வலுவில் பெரும்பகுதி வடத்திலேயே வெப்பமாகி வீணாகும். கருவியில் விளக்கு எரியும், ஒலியும் கேட்கும், அனுப்பும் குரல் மட்டும் அருகிலுள்ள படகைத் தாண்டாது. அதைத் துறையை விட்டுப் புறப்படுமுன் தூரத்து நிலையம் ஒன்றை அழைத்துச் சோதிப்பவர் அறிவார். சோதியாதவர் நடுக்கடலில் அறிவார்.

எண்டிசைக் குரலின் பயனை உலகம் அறிந்துகொண்டது 1912ஆம் ஆண்டு ஏப்பிரலில். பனிமலையில் மோதிய டைற்றானிக் கப்பல், தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதை அறியாமலே வானலையில் அழைத்தது. ஏறக்குறைய 58 கடல் மைல் தூரத்தில் இருந்த கார்ப்பேதியா அதைக் கேட்டு விரைந்து, 700க்கு மேற்பட்டோரை மீட்டது. அதைவிட அண்மையில் இருந்த கலிபோர்னியன் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கியிருந்தார். கேட்பவர் இல்லாவிடில் எல்லாத் திசையும் ஒன்றுதான். கப்பல்கள் இடைவிடாது செவிமடுக்கவேண்டும் என்ற சர்வதேச விதி அதன் பின்னரே உருவாயிற்று.

எல்லோருக்கும் கேட்கும் குரல் பகைவனுக்கும் கேட்கும். 1942 ஏப்பிரல் 4ஆந் தேதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானம் ஒன்று, இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தூரத்தில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடா விமானப் படையைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல். கண்ட செய்தியை மும்முறை சொல்லவேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை முடியுமுன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. செய்தி கரையை எட்டிவிட்டது. விமானத்தில் இருந்தோரில் உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பும், 9ஆந் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. எச்சரிக்கை கிடைத்ததால் திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டு வெளியே அனுப்பப்பட்டிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்று மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. போர்க்காலக் கப்பல்கள் வானலை மௌனம் காத்ததன் காரணம் இதுவே: எண்டிசை ஏரியலுக்கு இரகசியம் தெரியாது.

வடையின் துளையைப் பற்றி மீண்டும் சொல்லவேண்டும். சிற்றலைகள் வானத்தில் உள்ள அயன் மண்டலத்திற் பட்டுத் திரும்பி வருவன. செங்குத்துக் கம்பி உச்சிக்கு அலையை அனுப்பாததால், அண்மை ஊர்களில் வந்து இறங்க எதுவும் இல்லை. தரையோடு செல்லும் அலை தேய்ந்துபோன தூரத்துக்கும், வானிலிருந்து திரும்பும் அலை இறங்கும் தூரத்துக்கும் இடையில் ஊமைப் பிரதேசம் ஒன்று விழும். ஆயிரம் மைலுக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும் நிலையம் பக்கத்து மாகாணத்திற் கேளாத விந்தை இதனால் நேர்வது. வெப்பவலய நாடுகளின் உள்நாட்டுச் சிற்றலை நிலையங்கள் இதற்கு மாற்றுக் கண்டன. கம்பியைக் கிடையாக, நிலத்துக்கு அதிக உயரமின்றிக் கட்டி, அலையை உச்சிக்கு அனுப்பி, பன்னீர் தெளித்தாற்போல் சுற்றுவட்டாரம் முழுவதும் விழச் செய்தன. எல்லாத் திசைக்கும் பரப்ப இதுவும் ஒரு வழி.

இதற்கு நேர்மாறான வேலையும் திருகோணமலை மாவட்டத்திலேயே நடந்தது. ஜேர்மன் வானொலியான டொயிச்ச வெல்ல, நகருக்கு வடக்கே கடலோரத்தில் அஞ்சல் நிலையம் ஒன்றை அமைத்து 1984இல் இயக்கத் தொடங்கியது. 250 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பிகள் மூன்று அங்கே நின்றன. உயர்ந்த கோபுரங்களுக்கு இடையே திரைச்சீலை போலத் தொங்கிய கம்பிக் கூட்டங்கள், தெரிந்தெடுத்த தேசங்களின் பக்கம் அலையைக் குவித்து அனுப்பின. நேயர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது தெரிந்த இடத்தில் எண்டிசைக் கம்பம் வீண்செலவு. அந்நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஏரியல் அனுப்பும் விதத்திலேயே ஏற்கவும் செய்யும். இதனை நேயர்கள் தம் கையில் உள்ள சிறிய வானொலிப் பெட்டியைக்கொண்டே அறியலாம். மத்திய அலை நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு பெட்டியை மெல்லச் சுழற்றினால், ஓரிடத்தில் ஒலி தேய்ந்து மீண்டும் எழும். உள்ளே இருப்பது எண்டிசைக் கம்பி அன்று. கம்பி சுற்றிய கரிய பெரைற்றுக் கோல். அக்கோலின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி அடங்கும். இது குறை போலத் தோன்றினாலும் திசையறியப் பயன்படும் குணம். ஆனால் கடலில், படகு திரும்பும்போதெல்லாம் வானிலை அறிவித்தலும் தேய்ந்து எழுமானால் அது விளையாட்டன்று. 1964 டிசம்பர் 22ஆந் தேதி திருகோணமலையைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை மறந்தவர்கள் இக்கரையில் இல்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26இலும் சூறாவளி ஒன்று இதே மாவட்டத்திற் கரையேறியது. அறிவித்தலைக் கேட்பதற்கு எத்திசைக்குத் திரும்பினாலும் ஒரே அளவில் ஏற்கும் செங்குத்துக் கம்பி படகுக்கு வேண்டும்.

தரையிலும் இந்தக் கம்பிக்குப் பல தொழில்கள் உண்டு. பொலிஸ் வண்டியின் கூரையில் உள்ளது அதுவே. வீட்டில் இணையத்தை அறைதோறும் பரப்பும் பெட்டியின் சிறு கோல்களும் அவையே. மாடியில் அலை எட்டாதவர்கள் கோல் ஒன்றைக் கிடையாகச் சாய்த்துப் பார்க்கலாம், துளையின் திசை மாறிவிடும். கைத்தொலைபேசிக் கோபுரங்களோ பெரும்பாலும் எண்டிசைக் கம்பியைக் கைவிட்டு, ஒவ்வொன்றும் 120 பாகையை நோக்கும் மூன்று பலகைகளை ஏற்றுக்கொண்டன. கூட்டம் மிகுந்த இடத்தில் ஒரே வட்டத்தை மூன்றாக வகுத்தால் மேலும் பலர் ஒரே நேரத்திற் பேச இடமுண்டாகும் என்பதே காரணம்.

கப்பல்களிலும் பெரிய படகுகளிலும் இன்று கடைசித் துணையாக வைக்கப்படுவது மிதக்கும் ஆபத்துக் குறிகாட்டி. படகு மூழ்கினால் அது நீரில் மிதந்து, ஏறக்குறைய 50 செக்கனுக்கு ஒரு முறை, 406 மெகாஹேட்ஸ் மீடிறனில் செய்மதிகளை அழைக்கும். குறைந்தது 48 மணி நேரம் ஓயாது அழைக்கும்படி அதன் மின்கலம் அமைந்தது. இங்கே அடிவானத்துக்கு மட்டும் அனுப்பினாற் போதாது. செய்மதி உச்சியிலும் வரலாம், ஓரத்திலும் வரலாம். ஆகவே அதன் ஏரியல், கவிழ்த்து வைத்த சட்டியைப் போல, வானம் முழுவதையும் மூடும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. அதோடு 121.5 மெகாஹேட்ஸிலும் அது ஒரு சிறு குரலைச் சுற்றிலும் விட்டுக்கொண்டிருக்கும். தேடிவரும் விமானம் அண்மையை அடைந்ததும், அந்தக் குரல் வரும் பக்கத்தைத் தன் திசையறி ஏரியலால் அறிந்து, அங்கே திரும்பும்.